அடுத்த புதன்கிழமை

பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை என் கைப்பையிலிருந்து இன்னும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. பாலக்காடு நகரத்தில் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில், அரசாங்கப் பதிவேட்டில் எழுத இடமில்லாத செய்திகளை அதில் குறித்து வைப்பேன். "அம்மா காய்கறி மார்க்கெட்டில் வேலை, மூன்று மணிக்கு மேல் போனால் பார்க்கலாம்." "வெள்ளிக்கிழமை தாராபுரம் போகிறார்கள், திரும்பும் நாள் தெரியாது." "பாட்டிக்குத்தான் பயம், முதலில் பாட்டியிடம் பேச வேண்டும்." பதிவேட்டில், தடுப்பூசி விட்டுப்போன இந்தக் குழந்தைகளின் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கற்றுக் கொடுத்தவர்களில் முதலிடம் ஒரு தாய்க்கு.

ஒலவக்கோடு பக்கத்தில், ஒரு கிடங்கின் பின்புறம், ஒரே கூரையின் கீழ் ஆறு வாடகை அறைகள் கொண்ட லைன் வீடு ஒன்று இருந்தது. கணவர் லாரியில் சுமை இறக்குபவர். மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். குழந்தைக்குப் பதினான்கு மாதம். இடது தோளில், பிறந்ததும் காசநோய்க்காகப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருந்தது. தடுப்பூசி அட்டையில் ஆறாவது வாரத்து ஊசிகள் பதிவாகியிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அந்தப் பெண் கோபப்படாமல் சொன்னார்: "மூணு தடவ வந்தேன் சிஸ்டர்."

முதல் முறை அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. எங்கள் நிலையத்தில் குத்திவெப்பு, அதாவது தடுப்பூசி போடுவது, புதன்கிழமைதான். இரண்டாம் முறை புதன்கிழமையே வந்திருக்கிறார். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, சளி தீர்ந்த பிறகு வா என்று வரிசையிலேயே யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் முறை குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்தபோது வந்தார். வேலைக்குப் போகும் வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால், வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. தட்டம்மை ஊசிக்கு அவருடைய குழந்தை ஒன்றுதான் மிச்சம். ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்க வேண்டாம், அடுத்த புதன் வா என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். அந்த நர்ஸ் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்த்திருந்தால் தட்டம்மை மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஊசிகளும் விட்டுப்போயிருப்பது அன்றே என் கண்ணில் பட்டிருக்கும். நான் வாங்கிப் பார்க்கவில்லை.

ஏழைக் குடும்பங்கள் தடுப்பூசி போடுவதில்லை, விழிப்புணர்வு போதாது என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வரும். விழிப்புணர்வு இல்லாதவர் மூன்று முறை கூலியை விட்டுவிட்டு வரமாட்டார். என் அனுபவத்தில், நகரத்து ஏழைக் குழந்தைகளில் ஊசி விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் ஒரு முறையாவது எங்கள் வாசலுக்கு வந்து போனவர்கள்தான். அவர்கள் இரண்டாம் முறை ஏன் வரவில்லை என்பதைத்தான் நாம் தேட வேண்டும். அதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்தில் இருந்தன.

குப்பி விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி உலர்ந்த தூளாக வருகிறது. அதற்கென்றே தரப்படும் நீர்மத்தைச் சேர்த்துக் கலக்க வேண்டும். கலக்கிய பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பி.சி.ஜி.யும் அப்படித்தான். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்ற நீர்ம ஊசிகளின் குப்பியைத் திறந்தாலும், குளிர் காத்து, குப்பியின் மேலிருக்கும் வெப்ப அடையாளம் சரியாக இருந்தால், நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். ஆகவே அவற்றைத் திறக்க யாருக்கும் தயக்கம் இல்லை. தட்டம்மைக் குப்பியைத் திறக்கத்தான் கை நடுங்கும். ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டு மற்ற அளவுகளைக் கொட்டினால், மாதக் கடைசியில் வீணான கணக்கை எழுத வேண்டும். அந்தக் கணக்குக்கு மேலிருந்து கேள்வி வரும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்றுதான் அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வீணான மருந்துக்குக் கேட்கப்பட்ட கேள்வி, திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைக்காக எங்களிடம் ஒரு முறைகூடக் கேட்கப்பட்டதில்லை. திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைக்கு எந்தப் படிவத்திலும் ஒரு பத்தி இல்லை. கொட்டிய மருந்துக்கு இருந்தது.

நான்கு மணி நேர விதியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த விதி உயிர் காக்கும் விதி. கலக்கிய குப்பியில் கிருமி புகுந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்களும் பல இரவுகள் தூங்கவில்லை. அதன் பின்னர் தமிழ்நாட்டில் ஊர்களுக்குள் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, சில காலம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரவழைத்துப் போடும் முறை வந்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். என்றாலும் அது கூலிக்குப் போகும் தாயின் நடை தூரத்தைக் கூட்டியது. பாதுகாப்பையும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் இந்த வேலையின் முழுக் கடினமும் இருக்கிறது.

எண்களைப் பார்த்தால் கேரளத்தில் வேலை செய்த எனக்கு வருத்தம்தான் வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-இல் நடந்தது. பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்றவர்கள் கேரளத்தில் 77.8 சதவீதம்; முந்தைய சுற்றில் அது 82.1 ஆக இருந்தது. வாளையாறுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் முந்தைய சுற்றில் 69.7 ஆக இருந்தது, இந்தச் சுற்றில் 89.2 ஆக உயர்ந்திருக்கிறது. இந்தியா முழுவதுக்குமான கணக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கிராமப்புறத்தில் 76.8, நகர்ப்புறத்தில் 75.5. ஆஸ்பத்திரிகள் நிறைந்த நகரம் கிராமத்தைவிடச் சற்றே பின்தங்கியிருக்கிறது. நகரத்தின் சராசரியில் வசதியான வீடுகளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை நினைத்தால், லைன் வீடுகளில் நிலைமை என்னவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நகரம் ஏன் பின்தங்குகிறது என்பதற்கு, கொழிஞ்சாம்பாறைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு விடை தெரியும். எங்கள் ஊரில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், ஆயிரம் பேருக்கு ஒரு ஆஷா (ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்) என்பது கணக்கு. ஊருக்குள் ஒரு பெண் கருவுற்றால் ஆஷா சேச்சிக்கு மூன்றாம் மாதமே தெரிந்துவிடும். நகரத்தில், தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம் 2013-இல்தான் வந்தது; ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ் என்பது அதன் அளவு. அந்தப் பத்தாயிரத்தில் வாடகை ஏறியதும் வீடு மாறுபவர்கள், கட்டட வேலை முடிந்ததும் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்குப் போகிறவர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போய் சித்திரையில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! வீடு வீடாகத் தலை எண்ணும் கணக்கெடுப்பு வருடத்துக்குச் சில முறை நடக்கும். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு குழந்தை இருப்பது, கடைக்காரரிடம் கேட்டால் ஒழியத் தெரியாது. நான் பெட்டிக் கடைக்காரர்களிடம்தான் கேட்டேன். யார் புதிதாகப் பால் பாக்கெட் வாங்குகிறார்கள், யார் அரை லிட்டரை ஒரு லிட்டராக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத இந்த வழியில் நான் கண்டுபிடித்த குழந்தைகள், பட்டியல் வழியாகக் கிடைத்தவர்களைவிடக் குறைவல்ல.

இந்த இடத்தில் ஆஷா பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் தொடங்கி, திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் அவர்கள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது, மாத மதிப்பூதியம் 7,000 ரூபாயாக இருந்தது. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால், அவர்கள் யாருடைய வாசலில் போய் "கூலியை விட்டுவிட்டு வா" என்று சொல்கிறார்களோ அந்தப் பெண்ணின் கூலியைவிட அது குறைவு. அந்தப் பெண்களை நம்பித்தான் இந்தத் திட்டம் முழுவதும் நிற்கிறது.

கூலிக்கு வருகிறேன். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு இரண்டு சொட்டு மருந்துகளும் மூன்று ஊசிகளும் உண்டு: வாயில் போலியோ, ரோட்டா வைரஸ், தொடையில் பென்டாவேலன்ட், நிமோனியாவுக்கான ஊசி, தோளில் போலியோவின் சிற்றளவு ஊசி. பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் தொடங்கப்பட்டது. தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், மஞ்சள் காமாலையின் ஒரு வகை, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அது ஒன்றே போதும். அதைப் போட்ட இரவில் பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும். பயப்பட ஒன்றுமில்லை, எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் தீரும். ஆனால் தாய்க்கு அதன் பொருள் வேறு. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூலி. இரவு முழுதும் அழுத குழந்தையை வியாழக்கிழமை யாரிடமும் விட முடியாததால் இரண்டாவது நாள் கூலி. வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால், மூன்றாம் நாள் அங்கே வேறொருவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். இப்படியிருக்க, பத்தாவது வாரத்தில் அவர் மறுபடி வருவார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லாமல் விடும் நர்ஸ்கள் உண்டு. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லாமல் வந்த காய்ச்சல்தான் பயத்தை உண்டாக்குகிறது. "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரும், மருந்து இந்த அளவு கொடுங்க, ஊசி போட்ட இடத்துல மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம், நாளைக்குக் காலையில நானே கூப்பிடறேன்" என்று சொல்லி அனுப்பிய தாய்மார்களில் பெரும்பாலோர் அடுத்த தவணைக்கு வந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன். அந்த ஒரு அழைப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நேரத்தையும் மாற்றிப் பார்த்தோம். அப்போதைய மருத்துவ அதிகாரி ஒரு நல்ல மனிதர். மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை அங்கன்வாடியில் போட அனுமதித்தார். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் குளிர் காக்க வேண்டும்; நீல நிற வேக்சின் கேரியரில் நான்கு ஐஸ் பேக்குகளை, லேசாக உருகி உள்ளே தண்ணீர் அசையும் நிலையில் வைக்க வேண்டும், உறைந்தபடியே வைத்தால் பென்டாவேலன்ட் உறைந்து கெட்டுவிடும். போட்ட பின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும்; அவசர மருந்துப் பெட்டி கையில் இருக்க வேண்டும். இவை எல்லாம் காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே. மாறியது ஒன்றுதான்: வேலை முடிந்து திரும்பும் தாய், பாதையில் அங்கன்வாடியைப் பார்த்து உள்ளே நுழைந்தார். கணவர்மார்களும் வந்தார்கள். ஊசி போடும்போது குழந்தையைப் பிடிக்கத் தகப்பன் இருந்தால் அடுத்த தவணையை மறக்காமல் நினைவூட்டுகிறவரும் அவரே ஆகிவிடுகிறார் என்பதை அங்கேதான் கண்டேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் மாலை நேரம் நின்றுவிட்டது. நல்ல ஏற்பாடுகள் ஒரு மனிதரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

தாய்மார்கள் இழக்கும் கூலிக்கு ஈடாக ஏதாவது கொடுப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த கிராமங்களில் முழுமையாக ஊசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் நடக்கும் முகாம் வைத்த கிராமங்களில் 18. அதே முகாமோடு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாத் தவணையும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. ஒரு கிலோ பருப்பை லஞ்சம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து பார்க்காதவர்கள் என்பது என் துணிபு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைகளில் ஒரு பகுதி குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் மகப்பேறு உதவியிலும் முதல் சுற்று ஊசிகள் ஒரு நிபந்தனை. எங்கள் லைன் வீட்டுத் தாய்மார்கள் பலருக்கு எந்த மாநிலத்து உதவிக்கு எந்த முகவரியைக் கொடுப்பது என்பதே குழப்பம். தமிழ்நாட்டு ரேஷன் அட்டை, கேரளத்து வாடகை வீடு. இரண்டும் இல்லாதவர்களும் உண்டு.

எல்லை நிலத்தின் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ குழந்தை பிறக்கும், பி.சி.ஜி., முதல் சொட்டு, ஹெபடைடிஸ் ஊசி எல்லாம் அங்கேயே போட்டிருப்பார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பாலக்காட்டுக்குத் திரும்பும்போது அட்டை அம்மா வீட்டுப் பெட்டியில் தங்கிவிடும். அங்கே உள்ள நர்ஸின் கணக்கில் அந்தக் குழந்தை "ஊரை விட்டுப் போனது". இங்கே என் கணக்கில் அது பிறக்கவே இல்லை. பெயரும் உதவாது: பிறந்தபோது "பாப்பா" என்று எழுதியிருப்பார்கள், இங்கே வேறு பெயரில் கூப்பிடுவார்கள். அட்டை வந்தாலும் இங்கே கொடுக்கும் அட்டை மலையாளத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அடுத்த தேதி எது என்று தெரியாது. என்னுடைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து, தேதியையும் ஊசியின் பெயரையும் தமிழில் எழுதி அட்டையின் மேல் பின் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு ஐந்து வயதானபோது அந்தத் துண்டுக் காகிதம் அப்படியே இருந்ததைப் பார்த்தேன், மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து. மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், ஊசி அட்டையையும் அந்தக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2023-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய யூ-வின் என்னும் தடுப்பூசி இணையப் பதிவில், எந்த மாநிலத்தில் போட்டாலும் ஒரே கணக்கில் ஏறும். இது நான் வேலையில் இருந்த காலமெல்லாம் கனவு கண்ட ஏற்பாடு. ஆனால் அது கைபேசி எண்ணில் நிற்கிறது, எங்கள் வீடுகளிலோ ரீசார்ஜ் சலுகை முடிந்ததும் எண் மாறும். ஆகவே காகித அட்டையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று இளைய நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மறுப்பவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். 2017 அக்டோபரில் கேரளத்தில் தட்டம்மை-ரூபெல்லா சிறப்பு முகாம் நடந்தபோது, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் போட வேண்டியிருந்தது; அதற்குப் பல மாதம் முன்பே தமிழ்நாட்டில் சுற்றிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் தமிழ் பேசும் வீடுகளின் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்திருந்தன. குழந்தை பிறக்காமல் செய்யும் ஊசி என்றது ஒன்று. ராவுத்தர்கள் வாழும் ஒரு தெருவில் வாசல் வாசலாக என்னைத் திருப்பினார்கள். அதே வாரத்தில், கார் நிற்கும் ஒரு வீட்டில், படித்த ஒருவர் இயற்கை வாழ்வு பற்றி எனக்கு நீண்ட நேரம் பாடம் எடுத்தார். ஆகவே இது எந்த ஒரு சமூகத்தின் குறையும் அல்ல. அந்தத் தெருவில் கதவைத் திறந்தது என் பேச்சு அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் மூத்த மகனைத் தொண்டை அடைப்பானில் பறிகொடுத்த ஒரு மூதாட்டி, தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் அவரே கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்து முதல் ஆளாக நிறுத்தினார். அந்தப் பாட்டியம்மா என்ன சொன்னார் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2016-இல், மலப்புரத்தில் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்த செய்தி பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த செய்தி என்பதால் எல்லார் மனத்திலும் இருந்தது.

தட்டம்மையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுக்குள் வேறொரு பெயரில் வருகிறது. மலையாளிகள் அதை அஞ்சாம்பனி என்பார்கள். நம் வீடுகளில் அம்மன் வந்திருக்கிறாள் என்போம். நான் சிறுமியாக இருந்தபோது என் தம்பிக்கு வந்தது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் உள்ளே விடாமல் பாட்டி காத்தார். யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய அறிவு என்பதை நர்ஸிங் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். தடுப்பு இல்லாத ஊரில் தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு பேர் வரை தொற்றும், அதனால்தான் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது நிற்கும். ஆகவே வேப்பிலையை எடுங்கள் என்று நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. வேப்பிலை கட்டிய அன்றே எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றேன். படுத்திருக்கும் குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு முறை வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். கண்ணும் உயிரும் தப்ப அது உதவும். பக்கத்து அறைகளில் ஊசி விட்டுப்போன குழந்தைகள் யார் என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். அம்மனுக்குச் செய்வதைச் செய்துகொண்டே இதையும் செய்ய ஒரு தாயும் மறுத்ததில்லை. 2022-இன் கடைசியில் மும்பையின் கோவண்டிப் பகுதியிலும் மலப்புரத்திலும் தட்டம்மை பரவியபோது, இந்த லைன் வீடுகளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோவண்டியும் ஒரே கூரையின் கீழ் பல அறைகள் கொண்ட இடம்தான்.

தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். தவணை தள்ளிப்போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை ஊசி விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை போடலாம். லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு ஊசிக்குத் தடை அல்ல. பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்கள் கழித்துப் புண்ணாகி ஆறுவது இயல்பு. அதற்கு மருந்து தடவ வேண்டாம். அட்டை தொலைந்துவிட்டது என்று வெட்கப்பட்டு வராமல் இருக்க வேண்டாம். திட்டுகிற நர்ஸ் இருந்தால் அது அவருடைய தவறு.

அந்தத் தாராபுரத்துக் குழந்தைக்கு அன்று மாலையே மருத்துவ அதிகாரியைக் கேட்டு, மறுநாள் வியாழக்கிழமையில், தட்டம்மைக் குப்பியை ஒரே குழந்தைக்காகத் திறந்தேன். பென்டாவேலன்டின் இரண்டாம் தவணையும் அன்றே. மிச்சத்தை நான்கு மணி நேரம் கழித்துக் கொட்டினேன். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "ஒரு குழந்தை வந்தது" என்று எழுதினேன். கேள்வி வந்தது, பதில் சொன்னேன். நான்கு வாரம் கழித்து மூன்றாம் தவணைக்கு அந்தப் பெண் வரவில்லை, நான் போனேன். அறை பூட்டியிருந்தது. மூலைக் கடைக்காரர், அவர்கள் கஞ்சிக்கோட்டுக்கு மாறிவிட்டார்கள் என்றும் கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார். கஞ்சிக்கோட்டுப் பகுதியைப் பார்க்கும் நர்ஸுக்குப் போன் செய்து, தாயின் பெயர், குழந்தையின் பெயர், எந்த ஊசி மிச்சம், அந்தப் பெண்ணுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும், அவர் ஏற்கெனவே மூன்று முறை வந்தவர், தயவுசெய்து திட்டாதீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் கழித்து அவர் திருப்பிக் கூப்பிட்டு, "போட்டாச்சு சேச்சி, தமிழ்லயே எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரின் மேல் அன்றுதான் கோடு போட்டேன்.